தம்பியின் வேன்களை எண்ணியவள்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பி அக்கா என்று கூப்பிட, மெஷின் ஓட்டுபவர்கள் மரியாதைக்கு ஒரு 'பெரிய' சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வேன் டிரைவர்கள், ஓட்டல்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று அது பரவியது. ஐம்பத்தொரு வயதில் அவளுடைய சொந்தப் பெயர் மின்சார ரசீதிலும் கணவரின் வாயிலும் மட்டும்தான் மிச்சமிருந்தது.

அந்தக் கூடம் அவளும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்தது. முதலில் ஒரு தகரக் கொட்டகை, கைமாறி வந்த ஒற்றை மெஷின். அவளுக்கு அப்போது முப்பத்தொன்று, தம்பிக்கு இருபத்திரண்டு. அவள் துவைப்பாள், அவன் சைக்கிளில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவான். துணியில் பட்ட கறை மையா, மருந்தா, ரத்தமா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். உரிமம் எடுக்கும்போது அவன் பெயரில் எடுத்ததும் அவள் யோசனைதான். வேலை கிடைக்காமல் அலைந்த பையன், நாலு பேர் மத்தியில் அவனுக்கும் ஒரு கௌரவம் இருக்கட்டும் என்று நினைத்தாள். இருபது வருஷத்தில் பதினோரு மெஷின், ஆறு வேன், அறுபது ஆட்கள் ஆயிற்று. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியின் சலவை வேலையே அவர்கள் கையில் இருந்தது. உரிமத்தில் மட்டும் அதே ஒற்றைப் பெயர்.

தம்பி நிர்வாகிகளுக்கான மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான். போனவன் வேறு, வந்தவன் வேறு. பேச்சில் புதுப்புது வார்த்தைகள், சுவரில் வண்ண வண்ணமாய் அட்டவணைகள். எந்த வேன் எந்த வழியில் போக வேண்டும் என்பதை வாராவாரம் கம்ப்யூட்டர் மாற்றிப் போட்டது. அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் போனைப் பார்த்தபடி தலையாட்டுவான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆட்கள் எல்லோரையும் இஸ்திரி அறையில் கூட்டி நிற்கவைத்தான். இனிமேல் கூடம் புது முறையில் நடக்கும் என்றான். பிறகு அவள் பக்கம் கையை நீட்டி, சிரித்த முகத்தோடு சொன்னான்:

"அக்காவுக்குத் துணி துவைக்கத் தெரியும். தொழில் தெரியாது. அவங்க இனிமே வீட்டுல ஓய்வா இருக்கட்டும்."

வழியனுப்பு விழா என்று நினைத்துப் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் முழங்கையால் இடித்த பிறகுதான் நிறுத்தினார்கள். அவள் தன் அறைக்குப் போனபோது அங்கே மேசை இல்லை. நடையில் கிடந்தது, அதன் மேல் தண்ணீர்க் கேன் ஏற்றி வைத்திருந்தார்கள். இழுப்பறையில் அவள் வைத்திருந்த சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் இருந்தன. வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இருபது வருஷ உழைப்புக்குக் கிடைத்தது ஒரு வாளி, அதுவும் கைப்பிடி உடைந்தது.

அவளுடைய கணவர் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். கண்ணாடிக் குடுவைகளோடு முப்பது வருஷம் பழகியதாலோ என்னவோ, எதையும் நிதானமாகக் கையாளுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அழுதுடு, மனசு லேசாயிடும்" என்றார்.

"லேசாக வேண்டாம். கனமாவே இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த மூன்று வாரம் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் இரண்டு இரண்டு தடவை துவைத்தாள். நாற்காலி உறைகள், மிதியடிகள், கணவரின் பழைய கோட்டு என்று எதுவும் தப்பவில்லை. இந்த வீட்டில் இன்னும் துவைபடாமல் இருப்பது தான் ஒருவன்தான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கையில் தேய்க்கும் ஒவ்வொரு துணியிலும் அந்த வாக்கியம்தான் நுரைத்து நுரைத்து வந்தது. தொழில் தெரியாது. அறுபது பேர் கேட்க, சிரித்துக்கொண்டே.

நாலாவது வாரம் புடவையை மாற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனாள். அங்கே நாலு மெஷின் வைத்து ஒருவர் சலவைக்கூடம் நடத்திவந்தார். முன்பு பாய்லர் மெக்கானிக்காக இருந்தவர், அதனால் பாய்லர்காரர் என்பதே பெயராகிவிட்டது. அறுபதைத் தாண்டியவர், வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டுமோ என்று நினைக்கும் அளவுக்குப் பேச்சு கம்மி. முடிதிருத்தகங்களின் துண்டுகள், சின்ன விடுதிகளின் விரிப்புகள் என்று உதிரி வேலைகளாகச் செய்துவந்தார். பெரியக்காவை அவருக்குத் தெரியும். இந்தத் தொழிலில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது.

சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் ஒரு மேசை வேண்டும் என்றாள். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க எதையாவது வளர்க்கணும்னு வந்திருக்கீங்களா, இல்ல யாரையாவது கெடுக்கணும்னு வந்திருக்கீங்களா?"

"கெடுக்கத்தான் அண்ணே."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பொய் சொல்லாமல் வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டு மேசையையே துடைத்துக் கொடுத்தார்.

ஆரம்பத்திலேயே அவள் மூக்கு உடைந்தது. தம்பியிடம் வாடிக்கையாக இருந்த ஓட்டல்களிலேயே பெரிய ஒன்றுக்கு நேராகப் போனாள். அங்கே அறைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் பெண்மணி பழகியவள். தம்பியின் கூடத்தில் என்னென்ன ஓட்டை என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். இஸ்திரி உருளை பழசு, ஓரம் கருகும். விரிப்பை மடிக்கும்போது சுருக்கம் விழும். மழைக்காலத்தில் காயாது. எல்லாம் அவள் கண்ணால் பார்த்தவை.

அந்தப் பெண்மணி முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா, நீங்க பழைய கதையைச் சொல்றீங்க. உங்க தம்பி போன மாசமே புது உருளை போட்டுட்டார். இப்ப வர்ற விரிப்பைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு." அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தும் காட்டினாள். சொன்னது உண்மைதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு முகம் எரிந்தது. தம்பியின் கூடத்தை உள்ளங்கை ரேகை மாதிரித் தெரியும் என்று நினைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அவள் விட்டுவந்த கூடம். இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோபத்தில் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் தம்பியின் தொழிலைப் பார்க்கத் தவறிவிட்டாள். பாய்லர்காரரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர், வெளியில் கிடக்கும் பாய்லரை வைத்து உள்ளே எரியும் நெருப்பைச் சொல்ல முடியாது, போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அவர்கள் ஒழுங்காகச் செய்வதையும் எழுத வேண்டும். கெட்டதை மட்டும் எழுதினால் அது வயிற்றெரிச்சல், தகவல் ஆகாது.

கடையில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். இடப்பக்கம் தம்பி நன்றாகச் செய்வது, வலப்பக்கம் கோட்டைவிடுவது. 'புது உருளை. சுருக்கம் இல்லை' என்று முதல் வரியை இடப்பக்கத்தில் எழுதும்போது பேனாவைப் பிடித்த விரல் வெளுத்துப்போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

கணவரின் அக்கா மகள் பெண்கள் விடுதி ஒன்று நடத்திவந்தாள். அந்த விடுதித் துணிகள் தம்பியின் கூடத்துக்குத்தான் போய் வந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் திரும்பி வரும் கட்டை இவள் போய்ப் பிரிப்பாள். மோந்து பார்ப்பாள், வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பாள், தையலை இழுத்துப் பார்ப்பாள். பக்கத்தில் பாய்லர்காரரின் கூடத்தில் வெளுத்த விரிப்பையும் வைத்துப் பார்ப்பாள். வெண்மையில் தம்பி ஒரு படி மேலே இருந்தான். அதையும் இடப்பக்கத்தில் எழுதினாள். மறுநாள் பாய்லர்காரர் அலசும் தண்ணீரின் அளவைக் கூட்டினார். ஒரு மாதத்தில் இரண்டு விரிப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களை அதுவரை அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது தினமும் பார்த்தாள். தம்பியின் கூடத்துக்கு டிரைவர் தேவை. இரண்டு வாரம் கழித்து மறுபடி டிரைவர் தேவை. அடுத்த மாதமும் அதே. மூன்று மாதத்தில் ஐந்து விளம்பரம் ஆயிற்று. ஆறு வேன் உள்ள இடத்தில் ஐந்து தடவை டிரைவர் தேடுகிறார்கள் என்றால் யாரும் நிலைக்கவில்லை என்று அர்த்தம். ஏன் நிலைக்கவில்லை?

தம்பியின் கூடத்து வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. வெளியில் மரப்பெஞ்சு. காலையில் வேன்கள் கிளம்பும் நேரத்துக்கும் மதியம் திரும்பும் நேரத்துக்கும் அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். ஒளிந்து பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, சிவப்புக் கரை போட்ட புடவையில் போய் உட்கார்ந்தாள். தம்பி பார்த்தால் பார்க்கட்டும். உண்மையில் அவன் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் அவன் காரில் உள்ளே போகும்போது பார்த்தான், கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

எந்த வேன் எத்தனை மணிக்குப் போகிறது, திரும்பும்போது டிராலிகள் நிரம்பியிருக்கின்றனவா, காலியா என்று எல்லாவற்றையும் எழுதினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வேன் மட்டும் புதன்கிழமைகளில் இரண்டு நடை போயிற்று. இரண்டாவது நடையில் ஏற்றிப் போவது ஏழெட்டுக் கட்டுகள்தான். ஏழெட்டுக் கட்டுக்கு எதற்குத் தனி நடை? முதல் நடையில் போனது சரியாகப் போய்ச் சேரவில்லை என்றுதான் தோன்றியது. வலப்பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

கேள்விக்குறிக்குப் பதில் பெஞ்சுக்குத் தானாக வந்தது. வேலையை விட்டுவிட்டுச் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்த டிரைவர் ஒருவர் டீ குடிக்க உட்கார்ந்தார். நாற்பது வயதுக்காரர். பெரியக்காவைப் பார்த்ததும் எழுந்தார். அவள் உட்காரச் சொன்னாள், தான் யாரிடம் வேலை செய்கிறாள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். எதிராளியிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசட்டும். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வாராவாரம் வழி மாறுவதால் எந்த ஆஸ்பத்திரிச் சரிவுப்பாதை எந்த வார்டுக்குப் போகிறது என்று யாருக்கும் மனதில் பதிவதில்லை என்றார். பத்து நிமிஷம் தாமதமானால் விடுப்பில் ஒரு நாள் போய்விடும். அதனால் எல்லாக் கட்டையும் தரைத்தளத்து லிப்ட் பக்கத்தில் இறக்கிப் போட்டுவிட்டு ஓடிவருவார்களாம். புதன்கிழமை அந்த லிப்டும் பராமரிப்புக்கு நின்றுவிடும், வார்டுக்குப் போய்ச் சேராததற்குத்தான் இரண்டாவது நடையாம்.

"நாங்க என்ன செய்ய பெரியக்கா? வண்டிக்கு மூளை இருக்கு, டிரைவருக்கு இருக்கக்கூடாதுங்கிறார் உங்க தம்பி."

அடுத்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணி அறைக்குப் பொறுப்பாக ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள், அதிகம் சிரிக்காதவள். ஓட்டலில் செய்த தப்பைப் பெரியக்கா இங்கே செய்யவில்லை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வேலையில் எது உங்களை அதிகமாகப் படுத்துகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் முக்கால் மணி நேரம் பேசினாள். துணி வெள்ளையாக இருக்கிறதா என்று இங்கே யாரும் கவலைப்படவில்லை. ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டிய அங்கிகள் பிரசவ வார்டுக்கு வருகின்றன. பச்சைக் குழந்தையைச் சுற்றும் துணிகள் எலும்பு முறிவு வார்டில் கிடக்கின்றன. தினமும் காலையில் நாலு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். ஒருநாள் அங்கி இல்லாமல் ஆபரேஷனே தள்ளிப்போயிற்று. எழுதிக்கொள்ளலாமா என்று பெரியக்கா கேட்டாள். எழுதுங்கள், யாராவது எழுதினால் சரிதான் என்றாள் அவள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் டெண்டர் இன்னும் பத்து வாரத்தில் வரப்போகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெரியக்கா அதைக் கடைசி வரி வரை நின்று படித்தாள்.

அப்புறம் இரண்டு நாள், நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து லிப்ட் பக்கம் கட்டுகள் மலையாய்க் குவிவதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தம்பியின் ஒவ்வொரு பிழைக்கும் எதிரில் தாங்கள் என்ன செய்வது என்று எழுதினாள். வார்டுக்கு ஒரு நிறத்தில் நாடா. ஆஸ்பத்திரிக்கென்று மாறாத ஒரே டிரைவர். கட்டு லிப்ட் பக்கத்தில் இறங்காது, வார்டு வாசலில் இறங்கும். எல்லாம் சாதாரணமான விஷயங்கள்தான். பாய்லர்காரர் படித்துவிட்டு, தம்பிக்கு இது தோன்றியிருக்காதா என்று கேட்டார். தோன்ற வேண்டுமென்றால் அவன் லிப்ட் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அவன் நிற்கமாட்டான் என்றாள். சொல்லும்போது அவள் குரலில் இருந்த ருசியைக் கவனித்து பாய்லர்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

டெண்டருக்கு எட்டு நாள் இருக்கும்போது தம்பியின் அலுவலகக் குமாஸ்தா அவளை பஸ் நிறுத்தத்தில் வந்து பார்த்தான். அவள் இருந்தபோதே வேலையில் சேர்ந்தவன், எப்போதும் குழைந்து பேசுகிறவன். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போடப்போகும் விலை முழுவதும் தன் போனில் படமாக இருப்பதாகச் சொன்னான். பெரியக்காவுக்குப் பட்ட அநியாயத்தைத் தன்னால் தாங்க முடியவில்லையாம். பாய்லர்காரரிடம் சொல்லித் தனக்கு ஒரு நல்ல வேலை போட்டுக் கொடுத்தால் போதுமாம்.

அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். அவள் கண் ஒரு நொடி அங்கே போயிற்று. ஒரே பார்வை, எல்லாம் முடிந்துவிடும். தம்பியைத் தலைகுப்புறக் கவிழ்த்துவிடலாம். கையை நீட்டித் திரையை மூடினாள்.

"எடுத்துட்டுப் போ."

"பெரியக்கா, யாருக்கும் தெரியாது..."

"எனக்குத் தெரியும். நாளைக்கு அவனுக்கும் தெரியவரும். திருடி ஜெயிச்சேன்னா, அக்கா திருடின்னு சொல்லிட்டு அவன் நிம்மதியா தூங்குவான். அந்த நிம்மதியை நான் அவனுக்குக் குடுக்கமாட்டேன். நேர் வழியில தோத்தான்னு அவனுக்குத் தெரியணும். தினமும் தெரியணும்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். வீட்டில் சொன்னபோது கணவர், இப்படி ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டாமா என்று கேட்டார். அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். தொழில் தெரிந்தவனுக்குத் தன் அலுவலகத்தில் யார் எப்படிப்பட்டவன் என்று தெரியாமலா போகும் என்றாள். அன்றைக்குக் கணவருக்கு அவளைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

டெண்டர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில். வந்திருந்தது மூன்று பேர். தம்பி சாம்பல் நிறக் கோட்டில் வந்தான். அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாவதாக வெளியூர்க் கம்பெனி ஆள் ஒருவர். உறைகளைப் பிரித்தார்கள். விலை மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளியூர்க்காரரின் விலை மட்டும் தம்பியின் விலையை விட ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. தம்பிக்கு அது விசித்திரமாகப் பட்டது. அவளுக்குப் படவில்லை. குமாஸ்தா வேறு வாசலைத் தட்டியிருக்கிறான் என்று அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. தேர்வுக் குழுவிடம் அதைச் சொல்ல அவள் கையில் சாட்சி இல்லை. இருந்திருந்தாலும் தம்பிக்காகச் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். தம்பி திரையில் படம் காட்டி மெஷின்களைப் பற்றிப் பேசினான். நன்றாகவே பேசினான். வெளியூர்க்காரர் தாங்கள் நாலு ஊர்களில் இருப்பதைச் சொன்னார். அவள் எழுந்து, பதினான்கு நாடாக்களை மேசை மேல் வரிசையாக வைத்தாள். இது குழந்தைகள் வார்டு, இது ஆபரேஷன் அறை, இது தீக்காயப் பிரிவு. எந்தச் சரிவுப்பாதை காலை எட்டு மணிக்கு சாப்பாட்டு வண்டிகளால் அடைபடும், எந்த லிப்ட் புதன்கிழமை பராமரிப்புக்கு நிற்கும் என்று சொன்னாள். எதிராளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குழுத் தலைவர் தம்பியைப் பார்த்து, போன மாதம் எத்தனை கட்டு தப்பான வார்டுக்குப் போயிற்று என்று கேட்டார். தம்பி தாள்களைப் புரட்டினான். அந்தக் கணக்கு இல்லை, அப்படி ஒன்றும் அதிகம் இருக்காது என்றான். சுவரோரம் உட்கார்ந்திருந்த துணி அறைப் பெண் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நாப்பத்தொண்ணு" என்றாள்.

துணி அறையில் கேட்டு எழுதிய அந்த எண் பெரியக்காவின் நோட்டிலும் இருந்தது. அதைத் தன் வாயால் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் அவள் அன்றைக்கு அதிகமாகப் பாடுபட்டாள். தம்பியின் காது மடல்கள் சிவந்தன. சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அப்படித்தான் சிவக்கும். ஒரு காலத்தில் அதைப் பார்த்தால் அவளுக்குப் பரிதாபம் வரும். இப்போது குளிர்ந்த தண்ணீரைக் குடித்தது மாதிரி இருந்தது.

பத்து நாளில் ஆஸ்பத்திரி பாய்லர்காரர் கைக்கு வந்தது. அவர் இரண்டு வேனும் மூன்று மெஷினும் போட்டார். ஆஸ்பத்திரி வேனுக்கு அந்த நாற்பது வயது டிரைவரையே சேர்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போனதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் தம்பியிடம் காரணம் கேட்க ஆரம்பித்தார்கள். ஓட்டல்களில் ஒன்றை வெளியூர்க்காரர் கொண்டுபோனார், கண்ணாடி மாதிரி விரிப்பு வந்துகொண்டிருந்த அந்த ஓட்டல் பெரியக்காவிடமே வந்தது. இந்த முறை அவள் பழைய கதை எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை தம்பி வீட்டுக்கு வந்தான். கணவர்தான் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, தனக்கு அவசரமாகக் கடைக்குப் போக வேண்டியிருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். பையை எடுத்துக்கொண்டு போக மறந்துபோனார்.

தம்பி முதலில் அவளைத் திரும்ப வரச் சொன்னான். தனி அறை என்றான், பங்கு என்றான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் இறங்கியது.

"எங்க டிரைவர்ங்க ஏன் நிக்கமாட்டேங்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமாமே அக்கா."

"தெரியும்."

"உன்கிட்ட ஒரு நோட்டு இருக்குன்னு சொல்றாங்க. எங்க கூடத்தைப் பத்தி எனக்கே தெரியாதது எல்லாம் அதுல இருக்காம்." கொஞ்சம் நிறுத்தினான். "இதையெல்லாம் நீ அங்க இருந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"சொன்னேன்டா. வாராவாரம் வழியை மாத்தாதே, டிரைவருக்கு வார்டு பழகணும்னு மூணு தடவை சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினே."

நோட்டு அலமாரியில் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குமாஸ்தாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மிச்சமிருக்கும் ஓட்டல்களையாவது அவன் காப்பாற்றிக்கொள்ளலாம். அதுவும் நாக்கு நுனி வரை வந்தது. அறுபது பேர் முன்னால் அவன் சிரித்த சிரிப்பை நினைத்துக்கொண்டாள். விழுங்கிவிட்டாள்.

"நேரமாச்சு. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு" என்றாள்.

அவன் போன பிறகு வெகுநேரம் அதே துணியை மடித்தாள், பிரித்தாள். சந்தோஷம் வந்ததா என்று கணவர் கேட்டபோது, வந்தது என்றாள். அது உண்மை. நினைத்திருந்த அளவு வரவில்லை என்பதும் உண்மை, அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷத்தில் தம்பியின் கூடம் வெளியூர்க் கம்பெனியின் கைக்குப் போயிற்று. குமாஸ்தா அங்கே மேலாளர் ஆனான். பழைய ஆட்களில் பாதிப்பேரை நிறுத்திவிட்டார்கள். இஸ்திரி அறையில் பதினைந்து வருஷம் அவளோடு நின்ற பெண் ஒருத்தி வந்து, உங்கள் அக்கா தம்பிச் சண்டையில் எங்கள் சோற்றில் மண் விழுந்தது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். பெரியக்கா அவளையும் சேர்த்துப் பதினோரு பேரை பாய்லர்காரரிடம் கெஞ்சி எடுக்கவைத்தாள். மீதிப்பேருக்கு இடம் இல்லை. அவர்களில் சிலர் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை, ஆனால் அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

தம்பி பிறகு சோப்புத்தூள் கம்பெனி ஒன்றில் விற்பனை ஆளாகச் சேர்ந்தான். ஊர் ஊராகப் போய்ச் சலவைக்கூடங்களில் மாதிரி கொடுக்கும் வேலை. ஒருநாள் முற்பகல் பாய்லர்காரரின் கூடத்துக்கும் வந்தான். அவர் அவனை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, அவளிடம் வந்து என்ன செய்யலாம் என்று கேட்டார். தூள் நல்ல தூளா என்று ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம், வேறு யார் கொண்டுவந்தாலும் அப்படித்தானே செய்வோம் என்றாள். தான் அவனோடு பேசுவதாக இல்லை என்றும் சொன்னாள்.

அவர் உள்ளே மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அரைமணி நேரமும் தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் காத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அந்த அறையில் பெரியக்காவுக்கு எந்த வேலையும் இல்லை. இருந்தாலும் கையில் ஏதோ தாளை வைத்துக்கொண்டு இரண்டு தடவை அந்த வழியாக நடந்து போனாள்.